மூன்று பெயர், இரண்டு வீடு: வாசகர் கேள்விகள்

கேள்வி: எமிலி பிராண்டியின் ‘வுதரிங் ஹைட்ஸ்’ நாவலை இரண்டு முறை ஆரம்பித்துப் பாதியிலேயே மூடிவிட்டேன். அம்மாவும் கேத்தரின், மகளும் கேத்தரின். லின்டன் என்பது குடும்பப் பெயரா, பையனின் பெயரா?

பதில்: இரண்டும்தான். கதை நடக்கும் இரண்டு வீடுகள் ‘ஹைட்ஸ்’, ‘கிரேஞ்ச்’. ஒரு தாளை எடுத்து இடப்பக்கம் ‘ஹைட்ஸ்’, வலப்பக்கம் ‘கிரேஞ்ச்’ என்று எழுதுங்கள். நடுவே நாலு மைல் தரிசு மேடு. இடப்பக்கம் எர்ன்ஷா வீட்டுப் பிள்ளைகள் ஹிண்ட்லியும் கேத்தரினும். கூடவே, லிவர்பூல் தெருவிலிருந்து அவர்கள் அப்பா தூக்கிவந்த ஹீத்கிளிஃப். வலப்பக்கம் லின்டன் வீட்டு எட்கரும் இசபெல்லாவும். கேத்தரின் எட்கரைக் கட்டிக்கொள்கிறாள், மகள் கேத்தி. ஹீத்கிளிஃப் இசபெல்லாவைக் கூட்டிக்கொண்டு ஓடுகிறான். மகன் பெயர் லின்டன் ஹீத்கிளிஃப். ஹிண்ட்லியின் மகன் ஹேர்ட்டன். அவ்வளவுதான் ஆட்கள்.

மூன்றாம் அத்தியாயத்தில் ஒரு ஜன்னல் திட்டில் மூன்று பெயர்கள் கீறப்பட்டிருக்கும்: கேத்தரின் எர்ன்ஷா, கேத்தரின் ஹீத்கிளிஃப், கேத்தரின் லின்டன். அந்த இடத்தில் அவசரப்படாதீர்கள். அம்மா எர்ன்ஷாவாகப் பிறந்து, ஹீத்கிளிஃபாக ஆசைப்பட்டு, லின்டனாகச் சாகிறாள். மகள் லின்டனாகப் பிறந்து, ஹீத்கிளிஃபாகி, கடைசியில் எர்ன்ஷா ஆகப்போகிறாள். போன வழியே திரும்பி வருகிற கணக்கு.

கேள்வி: பழைய சினிமாவைப் பார்த்துவிட்டுக் காதல் கதை என்று நம்பி வாங்கினேன். பின்பாதி முழுக்க அடமானம், உயில், வக்கீல். ஹீத்கிளிஃப் இரண்டு வீட்டையும் எப்படித்தான் சுருட்டினான்?

பதில்: 1939-இல் வந்த படம் இரண்டாம் தலைமுறையை அப்படியே வெட்டிவிட்டது. நாவலில் 34 அத்தியாயங்கள். கேத்தரின் சாவது 16-இல். மிச்சம் பாதி பழிவாங்கல், அதுவும் கத்தி எடுக்காமல் பத்திரத்தால்.

ஹைட்ஸைப் பிடித்தது சுலபம். மனைவி செத்தபின் குடியிலும் சூதாட்டத்திலும் விழுந்த ஹிண்ட்லி, காணி நிலம் பாக்கியில்லாமல் அடமானம் வைத்தான். பணம் கொடுத்தவன் ஹீத்கிளிஃப். 1784-இல் ஹிண்ட்லி செத்ததும், முதலாளியாக இருக்கவேண்டிய ஹேர்ட்டன் சொந்த வீட்டிலேயே சம்பளமில்லாத வேலைக்காரன் ஆனான்.

கிரேஞ்ச்தான் சிக்கல். எட்கரின் அப்பா எழுதிவைத்த ஏற்பாட்டின்படி, எட்கருக்கு மகன் இல்லாவிட்டால் நிலம் அவன் மகளுக்குப் போகாது. தங்கை இசபெல்லா வழிக்குப் போகும். “அண்ணன் சொத்துக்கு அவள்தானே வாரிசு?” என்று ஹீத்கிளிஃப் பத்தாம் அத்தியாயத்திலேயே விசாரித்துவிடுகிறான். காதலிக்கிற வேளையிலும் கணக்கு! அப்புறம் நோயாளி மகனுக்குக் கேத்தியைப் பூட்டிவைத்துக் கட்டிவைக்கிறான். அந்தக் காலத்து இங்கிலாந்துச் சட்டத்தில் மனைவியின் பணமும் பண்டமும் புருஷனுடையது. அது மாற 1870, 1882 சட்டங்கள் வரவேண்டியிருந்தது. மகள் பங்கைத் தர்மகர்த்தாக்கள் பொறுப்பில் விட எட்கர் வக்கீலுக்கு ஆள் அனுப்பினான். வக்கீல் ஏற்கெனவே விலைபோனவர். எட்கர் கண்மூடிய பிறகுதான் வந்து சேர்ந்தார். எட்கருக்குப் பின் மருமகப்பிள்ளை உயிரோடிருந்தது ஒரு மாதத்துக்குக் கொஞ்சம் கூட. அதற்குள் அசையும் சொத்தை அப்பா பெயருக்கு எழுதவைத்தாகிவிட்டது.

நிலத்தை மட்டும் எழுதவைக்க முடியவில்லை, பையன் மைனர். ஆனாலும் ஹீத்கிளிஃப் பிடித்துக்கொண்டான். கையில் காசில்லாத கேத்தி யாரிடம் வழக்காடுவாள்? அந்தப் பிடிப்புக்குச் சட்டத்தில் ஆதாரம் இல்லை என்று சி. பி. சாங்கர் என்ற வழக்கறிஞர் 1926-இல் பிரித்துக் காட்டினார். கதையின் தேதிகளை, வயதுகளைக்கூடக் கணக்கிட்டு, ஆசிரியை எவ்வளவு கவனமாக எழுதியிருக்கிறார் என்று காட்டினார்.

இத்தனையும் சேர்த்தவன் உயில் எழுதாமலே செத்தான் என்பதுதான் வேடிக்கை.

கேள்வி: வேலைக்காரன் ஜோசப் பேசுவது அகராதியிலும் இல்லையே?

பதில்: அது யார்க்‌ஷயர் வட்டார வழக்கு. வாய்விட்டுப் படியுங்கள், பாதி பிடிபடும். எமிலி இறந்தபின் 1850-இல் அக்கா ஷார்லட் வெளியிட்ட பதிப்பில், தென் இங்கிலாந்து வாசகர்களுக்காக அந்தப் பேச்சைக் கொஞ்சம் இளக்கியிருக்கிறார். ஆய்வுப் பதிப்புகள் 1847-இல் வந்த முதல் பதிப்பின் பாடத்தையே எடுத்துக்கொள்கின்றன; அவற்றில் விளக்கக் குறிப்புகள் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். ஜோசப் சொல்வதில் முக்கால்வாசி வசவும் வேதவாக்கியமும்தான். ஒன்றிரண்டு புரியாமல் போனாலும் கதை நழுவாது.