சாதிக்கொரு பிளாக்

கேள்வி: பாளையங்கோட்டை மத்தியச் சிறையில் சாதிவாரியாக பிளாக் பிரித்து வைத்ததால்தானே வெட்டுக்குத்து அடங்கியிருந்தது? அதையும் கூடாது என்கிறார்கள். சிறைச் சீர்திருத்தம் பேசுகிறவர்களுக்கு நம் ஊர் நிலவரம் தெரியுமா? (வாசகர், வள்ளியூர்)

பதில்: தெரியும். திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கம் சாதி மோதல் அதிகம், அதனால் பிரித்து வைக்கிறோம் என்று அரசுத் தரப்பு சொன்னதைச் சென்னை உயர் நீதிமன்றமே ஒரு வழக்கில் ஒப்புக்கொண்டதுண்டு. 2024 அக்டோபர் 3-ல் உச்ச நீதிமன்றம் அந்த நியாயத்தை ஏற்கவில்லை. சிறைப் பதிவேட்டில் சாதி என்ற கட்டத்தையே எடுத்துவிடச் சொன்னது.

பிரிப்பதே தப்பு என்று யாரும் சொல்லவில்லை. சீர்திருத்தம் கேட்ட முதல் விஷயங்களில் அதுவும் ஒன்று. சிறைச் சீர்திருத்தத்துக்குப் பாடுபட்ட ஆங்கிலேயர் ஜான் ஹோவர்ட் இங்கிலாந்துச் சிறைகளைச் சுற்றிப் பார்த்து 1777-ல் எழுதியபோது ஆண், பெண், சிறுவர், கடன்பட்டவர், கொள்ளையர் எல்லாரும் கலந்து கிடந்தார்கள். நம் 1894 சிறைச் சட்டத்தின் 27-வது பிரிவும் பிரிக்கத்தான் சொல்கிறது: பெண்கள் தனி, 21 வயதுக்கு உட்பட்ட ஆண்கள் தனி, விசாரணைக் கைதி தனி, தண்டனைக் கைதி தனி. அதில் சாதி எங்கே இருக்கிறது? சமையல் இன்னாருக்கு, கக்கூஸ் கழுவுவது இன்னாருக்கு என்று அதை உள்ளே நுழைத்தவை, சிறை நடத்த மாநிலங்கள் வைத்திருக்கும் விதிப் புத்தகங்களான சிறைக் கையேடுகள்.

பகை இருந்தால் ஆளைப் பிரியுங்கள். யார் எந்த வழக்கில் எதிரி, யார் சாட்சி என்று உள்ளே வரும் அன்றே கேட்டுக் குறித்தால் போதும். சாதி பிளாக்கில் நடப்பது வேறு. பைக் திருடி வந்த பத்தொன்பது வயதுப் பையன், ஒரே சாதி என்பதற்காகக் கூலிக்கு வெட்டுகிறவன் பக்கத்தில் படுக்கிறான். ஆறு மாதம் கழித்து யாருடைய ஆளாக வெளியே வருவான் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆளாளாகப் பிரிக்க இடம் வேண்டுமே என்பீர்கள். நியாயம். நாடு முழுக்கச் சிறைவாசிகளில் ஏறக்குறைய நான்கில் மூன்று பேர் விசாரணைக் கைதிகள். அவர்களில் வெளியே போக வேண்டியவர்கள் போனாலே இடம் கிடைக்கும். ஹோவர்டைக் கிளப்பிவிட்டதும் இதே மாதிரி ஒரு கூத்துதான். அந்நாளைய ஜெயிலருக்குச் சம்பளம் கிடையாது, கைதி தரும் கட்டணமே வரும்படி. விடுதலையானவரும் கட்டணம் கட்டாவிட்டால் உள்ளேதான். இங்கே ஜாமீன் கிடைத்தும், கையெழுத்துப் போட ஜாமீன்தாரர் இல்லாமல் கிடக்கிறார்கள்.

இதற்கு 2023 ஜனவரி 31-ல் உச்ச நீதிமன்றம் வழி சொல்லியிருக்கிறது. ஜாமீன் கிடைத்து 7 நாளில் ஆள் வெளியே வராவிட்டால் சிறைக் கண்காணிப்பாளர் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் செயலாளருக்குத் தெரிவிக்க வேண்டும். ஒரு மாதத்திலும் ஜாமீன்தாரர் அமையாவிட்டால் நீதிமன்றம் தானாகவே எடுத்து நிபந்தனையைத் தளர்த்தலாம். உள்ளூர்க்காரர்தான் ஜாமீன் நிற்க வேண்டும் என்ற பிடிவாதமும் தாமதத்துக்கு ஒரு காரணம் என்று அதிலேயே இருக்கிறது.

வள்ளியூர்ப் பக்கம் அப்படி யாராவது இருந்தால், ஜாமீன் உத்தரவு நகலோடு வீட்டாரை அந்த ஆணைக்குழு அலுவலகத்துக்கு அனுப்புங்கள். காவலில் இருப்பவருக்கு வருமானம் பார்க்காமல் இலவசமாக வக்கீல் வைத்துக் கொடுப்பார்கள்.