‘எல்லாம் வடநாட்டுப் பசங்க வேலை’ என்று இன்ஸ்பெக்டர் சொன்னால் அதை நோட்டீஸாக ஒட்டலாமா?

கேள்வி: சென்னைப் புறநகரில் ஒரு குடியிருப்போர் நலச் சங்கத்தின் செயலாளர் நான். சில மாதங்களாக எங்கள் பகுதியில் பூட்டிய வீடுகளில் திருட்டு, பைக் திருட்டு, ஒரு செயின் பறிப்பு. காவல் நிலையத்தில் கூட்டம் போட்டார்கள். அதில் இன்ஸ்பெக்டர், “எல்லாம் வடநாட்டுப் பசங்க வேலைதான். அவங்களுக்கு வீடு கொடுக்காதீங்க, கும்பலா சுத்தினா உடனே போன் பண்ணுங்க” என்றார். இதை அப்படியே நோட்டீஸ் அடித்து ஒட்ட வேண்டும், வாட்ஸ்அப் குழுவிலும் போட வேண்டும் என்று உறுப்பினர்கள் நெருக்குகிறார்கள். போலீஸே சொன்னதுதானே, போடலாமா? போலீஸ் இப்படிப் பொதுவில் பேசுவது சரியா?

பதில்: போடாதீர்கள். போலீஸ் அப்படிப் பேசியதும் தவறு.

முதலில் உங்கள் தலைக்கு என்ன வரும் என்று பார்ப்போம். பாரதிய நியாய சன்ஹிதாவின் 196ஆவது பிரிவு (பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 153ஏ) மதம், இனம், மொழி, சாதி, பிறந்த இடம், வசிக்கும் இடம் ஆகியவற்றை வைத்து மக்களிடையே பகைமை மூட்டுவதைக் குற்றமாக்குகிறது. 3 ஆண்டு வரை சிறை. ‘பிறந்த இடம்’ என்று சட்டமே பெயர் சொல்லியிருப்பதைக் கவனியுங்கள். வழக்கு கடைசிவரை நிற்குமா என்பது உங்கள் நோக்கத்தைப் பொறுத்த விஷயம். ஆனால் புகார் என்று ஒன்று வந்துவிட்டால் நோட்டீஸில் கையெழுத்துப் போட்ட செயலாளர்தான் ஸ்டேஷனுக்கும் கோர்ட்டுக்கும் நடக்க வேண்டும். இன்ஸ்பெக்டர் வாய்மொழியாகச் சொன்னதற்கு எந்தக் காகிதமும் இருக்காது. “சார் சொன்னார்” என்பது அங்கே எடுபடாது.

சரி, சட்டத்தை விடுங்கள். அவர் சொன்னது உண்மையாக இருந்தால்? அதை நீங்களே ஓரளவு சரிபார்க்க முடியும். பாலியல் குற்றம், தேசப் பாதுகாப்பு போன்ற வழக்குகள் தவிர மற்ற எஃப்.ஐ.ஆர்.களை 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று 2016இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்தில் உங்கள் ஸ்டேஷனைத் தேர்ந்தெடுத்து இந்தத் திருட்டு வழக்குகளைப் பாருங்கள். குற்றஞ்சாட்டப்பட்டவர் விவரம் கேட்கும் இடத்தில் பெரும்பாலும் ‘அடையாளம் தெரியாத நபர்’ என்றுதான் இருக்கும். வழக்கு ஆவணத்தில் அடையாளம் தெரியாதவராக இருக்கும் ஆளுக்குக் கூட்டத்தில் மட்டும் எப்படி மாநிலம் கிடைத்தது?

இரண்டு மூன்று பேரைப் பிடித்திருக்கிறார்கள், அவர்கள் பீகார்க்காரர்கள் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் கணக்கு தேறாது. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் அதே ஊர்க்காரர்கள் ஆயிரக்கணக்கில் ஷிப்டுக்கு பஸ் ஏறுகிறார்கள். இன்னொன்று, வேலை தேடி வருகிறவர்களில் பெரும்பாலோர் தனியாக வரும் இளவயது ஆண்கள். எந்த ஊரிலும், எந்தச் சமூகத்திலும் திருட்டு வழக்குகளில் அதிகம் சிக்குவது அந்த வயது ஆண்கள்தான். ஒப்பிடுவதானால் நம்மூரின் அதே வயதுப் பையன்களோடு ஒப்பிட வேண்டும். தாத்தா, பாட்டி, கைக்குழந்தை எல்லாம் சேர்ந்த நம் ஜனத்தொகையோடு வைத்துப் பார்த்தால் யார் வந்தாலும் குற்றவாளியாகத்தான் தெரிவார்கள்.

“சிறையில் வெளிமாநிலத்துக்காரர்கள் இருக்கிறார்களே” என்று உங்கள் குழுவில் யாராவது கேட்பார்கள். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் சிறை அறிக்கையில் கைதி எந்த மாநிலத்தவர் என்ற கணக்கு வருகிறது, உண்மைதான். ஆனால் உள்ளே இருப்பது யார் என்பதைக் குற்றம் மட்டும் தீர்மானிப்பதில்லை, ஜாமீனும் தீர்மானிக்கிறது. ஜாமீன் உத்தரவைக் கையில் வாங்கிய பிறகுதான் பாதிப் போராட்டமே தொடங்கும். இரண்டு ஜாமீன்தாரர் வேண்டும், அதில் ஒருவர் இரத்த உறவாக இருக்க வேண்டும் என்று நம் நீதிமன்றங்களில் நிபந்தனை போடுவது வழக்கம். ஆதார், ரேஷன் கார்டு, சொத்து வரி ரசீது எல்லாம் கேட்பார்கள். உள்ளூர்ப் பையனுக்கு அப்பா வருவார், பெரியப்பா வருவார். கட்டட வேலைக்கு ஒடிசாவிலிருந்து வந்த பையனின் அப்பா ரயிலேறி இங்கே வந்து சேர, கூலிநாள் போக, டிக்கெட்டுக்கே கடன் வாங்க வேண்டும். ஒரே மாதிரிக் குற்றச்சாட்டு, ஒரே நாளில் உத்தரவு; இவன் வெளியே போய்விடுவான், அவன் உள்ளேயே கிடப்பான். 1978இல் மோதி ராம் என்பவரின் ஜாமீன் வழக்கில் உச்ச நீதிமன்ற நீதிபதி கிருஷ்ணய்யர் இதைத்தான் கேட்டார்: ஒரு மலையாளியோ கன்னடரோ தமிழரோ தெலுங்கரோ பஸ்தரிலோ போர்ட் பிளேரிலோ சாந்தினி சௌக்கிலோ கைதானால், அங்கே சொத்துள்ள ஜாமீன்தாரரை எங்கே போய்த் தேடுவார்? சிறைக் கணக்கைக் காட்டி யாராவது வாதாடினால் இதைச் சொல்லுங்கள்.

எனக்கு இதைவிடப் பெரிய கவலை ஒன்று உண்டு. 2018 மே மாதம் நினைவிருக்கிறதா? வடநாட்டிலிருந்து குழந்தை கடத்தும் கும்பல் இறங்கியிருக்கிறது என்று வட மாவட்டங்கள் முழுக்க வாட்ஸ்அப்பில் சுற்றியது. திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே குலதெய்வக் கோயிலுக்குக் காரில் போன ஒரு குடும்பம் வழி கேட்க வண்டியை நிறுத்தியது. அதிலிருந்த 65 வயது அம்மா தெருவில் விளையாடிய குழந்தைகளுக்கு சாக்லேட் கொடுத்தார். ஊரே திரண்டு அடித்ததில் அவர் இறந்துபோனார். அவர் சென்னைக்காரர், தமிழ் பேசுகிறவர். ஆத்திரத்தில் திரண்டு நிற்கிற கூட்டம் யார் எந்த மாநிலம் என்று அட்டை பார்த்து அடிப்பதில்லை. ‘கும்பலாகச் சுற்றினால்’ என்று இன்ஸ்பெக்டர் சொன்னாரே, ஷிப்டு முடிந்து நான்கு பேர் மளிகைக் கடைக்குப் போவதும் கும்பல்தான். இன்றைய சட்டத்தில் இனம், மொழி, பிறந்த இடம் போன்றவற்றை வைத்து ஐந்து பேரோ அதற்கு மேலோ சேர்ந்து கொலை செய்தால் அது நியாய சன்ஹிதாவின் 103ஆவது பிரிவில் தனியாகவே வருகிறது. மரண தண்டனை அல்லது ஆயுள். உங்கள் நோட்டீஸைப் படித்துவிட்டு ஓடுகிற பையன்கள் அதில் மாட்டினால் அவர்களைப் பெற்றவர்கள் உங்கள் சங்கத்தின் உறுப்பினர்கள்தான்.

ஒரு கூட்டத்தையே திருடர் என்று அரசு முத்திரை குத்தினால் என்ன ஆகும் என்பது தமிழ்நாட்டுக்குப் புதிதில்லை. 1871இல் வந்த குற்றப் பரம்பரைச் சட்டம் 1911இல் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. மதுரைப் பக்கம் அதை இன்றும் ரேகைச் சட்டம் என்பார்கள். ஒரு குற்றமும் செய்யாத ஆண்கள் கைரேகை பதிந்து, ராத்திரி போலீஸ் கண்காணிப்பில் போய்ப் படுக்க வேண்டியிருந்தது. 1920 ஏப்ரல் 3ஆம் தேதி உசிலம்பட்டி அருகே பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மறுத்தவர்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. சட்டம் இங்கே 1947இல் போனது, நாடு முழுவதும் 1952இல் போனது. ஆனாலும் அந்தச் சட்டத்தில் அடைபட்டிருந்த சமூகங்கள், அதாவது சீர்மரபினர், மீதான சந்தேகம் போலீஸ் பழக்கத்தில் தங்கிவிட்டது. சிறைக் கையேடுகளில்கூட அது இருப்பதைக் கண்டித்து 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தது. கொழும்பில் 2007 ஜூன் 7ஆம் தேதி லாட்ஜுகளில் தங்கியிருந்த 300க்கும் மேற்பட்ட தமிழர்களைப் போலீஸ் பஸ்ஸில் ஏற்றி வடக்குக்கும் கிழக்குக்கும் அனுப்பியது. பாதுகாப்புக்காக என்றுதான் அப்போதும் சொன்னார்கள். மறுநாள் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தடை போட்டது.

போலீஸ் நண்பர்கள் இந்த இடத்தில் வடமாநிலங்களிலிருந்து வந்த பவாரியா கொள்ளையரைச் சொல்வார்கள். நியாயமான கேள்வி. நெடுஞ்சாலையோர வீடுகளில் புகுந்து கொன்று கொள்ளையடித்தார்கள். 2005 ஜனவரியில் கும்மிடிப்பூண்டி எம்.எல்.ஏ. சுதர்சனத்தைக் கொன்றார்கள். போலீஸ் அதிகாரி ஜாங்கிட் தலைமையிலான தனிப்படை வடமாநிலங்களில் அலைந்து பிடித்தது. கும்பல் எந்த ஊர், எந்த உறவுமுறை என்று துப்பறிகிறவருக்குத் தெரிந்திருக்கத்தான் வேண்டும், அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அது கேஸ் டைரியில் இருக்க வேண்டிய தகவல். அவர்களைப் பிடித்துத் தந்தது விரல்ரேகையும் அலைந்து சேகரித்த தகவலும். ‘வடக்கே இருந்து வருகிறவனுக்கு வீடு கொடுக்காதே’ என்ற அறிவிப்பால் லாரியில் வந்து கொள்ளையடித்துப் போகிறவனைத் தடுத்திருக்க முடியாது, அவன் வாடகைக்கு வீடே கேட்கவில்லையே.

இதற்காகப் போலீஸ் எப்போதும் வாய் திறக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. தப்பி ஓடிய ஓர் ஆளைத் தேடும்போது அவர் முகம், உயரம், பேசும் மொழி எல்லாவற்றையும் வெளியிடலாம், அது தனிமனிதரைப் பற்றிய அடையாளம். வதந்தி ஓடும்போதோ மௌனமே ஆபத்து. 2024 ஜூலையில் இங்கிலாந்தின் சவுத்போர்ட்டில் மூன்று சிறுமிகள் கொல்லப்பட்டபோது, கொன்றவன் படகில் வந்த அகதி என்று ஒரு பொய்ப்பெயரோடு செய்தி பரவியது. கைதானவர் கார்டிஃபில் பிறந்தவர் என்று போலீஸ் சொன்ன பிறகும் பொய் அடங்கவில்லை. மறுநாளே அங்கே மசூதி தாக்கப்பட்டது, பல ஊர்களில் கலவரம். பெரிய வழக்குகளில் குடியுரிமை, இன விவரத்தை வெளியிடுவது பற்றி யோசிக்கும்படி அங்கே 2025 ஆகஸ்டில் போலீஸுக்கு வழிகாட்டுதல் வந்தது. இங்கேயும் 2023 மார்ச்சில் பீகார்த் தொழிலாளர்களைத் தமிழ்நாட்டில் அடித்துக் கொல்கிறார்கள் என்று போலி வீடியோக்கள் பரவியபோது, டி.ஜி.பி. சைலேந்திர பாபு நேரடியாகப் பேசி மறுத்தார். ஒரு மக்கள் பிரிவின் பெயரைப் போலீஸ் உச்சரிக்க வேண்டிய தருணம் அதுதான்: குறிப்பிட்ட பொய் ஒன்றை உடைக்க, குறிப்பிட்ட உண்மையோடு.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. இன்ஸ்பெக்டரிடம் சண்டைக்குப் போகாதீர்கள், அவருக்கு வேறு கேள்விகளைக் கொடுங்கள். எத்தனை வழக்கு, எந்தத் தெருக்கள், எந்த நேரம், பூட்டை உடைத்தார்களா மாடி வழியாக வந்தார்களா, எத்தனை வழக்கில் கைது? கைதானவர்களின் பெயர், முகவரி, குற்றத்தின் தன்மையைக் காவல் நிலையத்தில் காட்சிக்கு வைக்க வேண்டும் என்று பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 37ஆவது பிரிவு சொல்கிறது; அந்தப் பலகையைக் கேளுங்கள். பதில் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் எண்ணிக்கையை மட்டும் கேட்டு ஒரு மனு போடுங்கள், 30 நாளில் பதில் தர வேண்டும்.

வாடகை விஷயத்தில் ஒரே விதி வைத்துக்கொள்ளுங்கள். மதுரைக்காரரோ முசாபர்பூர்க்காரரோ எல்லோரிடமும் எழுத்து ஒப்பந்தம், அடையாள அட்டை நகல், வேலை பார்க்கும் இடத்தின் முகவரி வாங்குங்கள். 2017 வாடகைச் சட்டப்படி ஒப்பந்தம் எப்படியும் எழுத்தில்தான் இருக்க வேண்டும். பத்துப் பேரை ஓர் அறையில் அடைக்கும் காண்ட்ராக்டரிடம் அவருடைய பெயரிலேயே ஒப்பந்தம் போடுங்கள். அந்தப் பையன்களில் ஒருவரையாவது உங்கள் குழுவில் சேர்த்துக்கொள்ள முடிந்தால் இன்னும் நல்லது, அவர்கள் அறைகளிலும் செல்போன் திருடு போகிறது. மொழி தெரியாததாலும் பயத்தாலும் புகார் கொடுக்க வருவதில்லை, அவ்வளவுதான்.

நோட்டீஸ் ஒட்டத்தான் வேண்டும் என்றால் இப்படி ஒட்டுங்கள்: “நம் பகுதியில் பகல் 11 மணி முதல் 3 மணி வரை பூட்டிய வீடுகளில் திருட்டு நடந்துள்ளது. வெளியூர் போகும் முன் காவல் நிலையத்தில் தகவல் கொடுங்கள். சாவியை மீட்டர் பெட்டியிலோ செருப்பு ஸ்டாண்டிலோ வைக்காதீர்கள். யாராவது பூட்டை உடைப்பதைப் பார்த்தால் நீங்களே பிடிக்கப் போகாமல் 100 அல்லது 112க்கு அழையுங்கள்.” நேரத்தை மட்டும் உங்கள் பகுதி வழக்குகளைப் பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள். அச்சடிக்கும் முன் இன்ஸ்பெக்டரிடம் காட்டி, ஸ்டேஷன் போன் நம்பரையும் அதிலேயே போடச் சொல்லுங்கள். அடுத்த கூட்டத்திலும் அவர் அதே பேச்சைப் பேசினால், சங்கத்தின் லெட்டர்பேடில் உதவி ஆணையருக்கு ஒரு கடிதம் எழுதி, நகலைக் கோப்பில் வையுங்கள்.