பழைய ஒட்டோ கார்களுக்குக் கியர் ஒயில் மாற்றுவது: கேட்டவையும் பதில்களும்

ஒட்டோ, அதாவது தானாகக் கியர் மாறும் காரின் கியர் ஒயிலை வீட்டு முற்றத்தில் வைத்தே மாற்றலாமா என்று கேட்டவர்கள் பலர். அநேகமானோர் வைத்திருப்பது கொரோலா 121, அலியன் 240 போன்ற, டிப் ஸ்டிக் (ஒயில் அளவு பார்க்கும் கம்பி) உள்ள நாலு கியர் ஒட்டோ. அதனால் அவற்றை மனதில் வைத்தே எழுதுகிறேன். 2020 இல் கார் இறக்குமதி நிறுத்தப்பட்டு 2025 வரை கதவு மூடியிருந்த காலத்தில் எங்களைச் சுமந்தவை இந்தக் கார்கள்தான். கியர்பொக்ஸைக் கவனித்தால் இன்னும் கனகாலம் ஓடும்.

மானிப்பாயிலிருந்து: “ஒட்டோ கியர் ஒயில் ஆயுளுக்கும் மாத்தத் தேவையில்லை எண்டு கார் வித்தவர் சொன்னவர். உண்மையோ?”

இல்லை. இந்த ஒயில் உராய்வைக் குறைக்க மட்டும் ஊற்றுவதில்லை. கியர் மாறுவதே இந்த ஒயிலின் அழுத்தத்தால்தான். கிளச் தட்டுகள் வழுக்காமல் பிடிப்பதும், சூடு வெளியேறுவதும் இதனால்தான். சூட்டில் கிடந்து கிடந்து ஒயில் கெடும். கிளச் தட்டுகளின் தேய்மானமும் அதற்குள்ளேயே சேரும். கொழும்பு நெரிசலில் ஓடும் காருக்குச் சூடு இன்னும் கூட. நான் சொல்வது 40,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை.

வவுனியாவிலிருந்து: “121க்கு எந்த ஒயில்? கடையில டெக்ஸ்ரன் 3 தாறாங்கள். சிவப்பு எல்லாம் ஒண்டுதானாம்.”

சிவப்பு நிறம் வெறும் சாயம். எஞ்சின் ஒயிலிலிருந்து பிரித்தறியப் போட்டது, தரத்தைச் சொல்லாது. 121க்கும் 240க்கும் டொயோட்டா கேட்பது டைப் டி-4. கானில் ரோமன் எண்ணில் நான்கு இருக்கும். டெக்ஸ்ரன் 3 ஜெனரல் மோட்டர்ஸின் தரம், 2006 முடிவோடு அந்த நிறுவனமே அதற்கு அனுமதி கொடுப்பதை நிறுத்திவிட்டது. இப்போது அந்தப் பெயரில் விற்பதற்கு அவர்களுடைய மேற்பார்வை கிடையாது. டொயோட்டாவின் டபிள்யூ.எஸ். ஒயிலும் வேண்டாம். அது பிந்திய கியர்பொக்ஸ்களுக்கு, டி-4ஐ விட மெல்லியது. நிசான் சணி என்றால் மற்றிக் டி, லான்சர் என்றால் எஸ்.பி. 3. டிப் ஸ்டிக்கின் கைபிடியிலோ காரின் கைநூலிலோ எழுதியிருப்பதை வாசித்துவிட்டுக் கடைக்குப் போங்கள்.

சாவகச்சேரியிலிருந்து: “அண்ணை, தொடக்கம் முதல் முடிவு வரை செய்முறையைச் சொல்லுங்கோ.”

சொல்கிறேன் தம்பி. முதலில் சமதரை. மண் முற்றம் என்றால் ஜக்குக்குக் கீழ் தடித்த பலகை போடவேண்டும். ஜக்கில் மட்டும் காரை நிறுத்திவிட்டு ஒருநாளும் கீழே போகாதீர்கள். காரைத் தாங்கும் ஸ்டாண்ட் இல்லையென்றால் அன்றைக்கு வேலையே வேண்டாம். ஜக் நழுவி ஆட்கள் செத்திருக்கிறார்கள்.

காரைப் பத்து நிமிடம் ஓடி ஒயிலை இளஞ்சூடாக்குங்கள். கொதிக்க விட்டால் கை வெந்துபோகும். கீழே போனதும் இரண்டு வடிகால் ஆணிகள் தெரியும், ஒன்று எஞ்சினுக்கு, மற்றது கியர்பொக்ஸுக்கு. பலர் பிழைவிடுவது இந்த இடத்தில்தான். கியர் ஒயிலை இறக்கிவிட்டு, எஞ்சினுக்குள் நாலு லீற்றர் புது எஞ்சின் ஒயிலை ஊற்றுபவர்கள் இருக்கிறார்கள். கார் அடுத்த சந்திக்குப் போகுமுன் இரண்டுக்கும் சேதம். 121இல் கியர்பொக்ஸ் ஆணிக்குப் பெரும்பாலும் 10 மில்லிமீற்றர் அலன் சாவி வேண்டும். எஞ்சின் ஆணி வெளியே தலை உள்ள சாதாரண போல்ட். கறுப்பாக வந்தால் உடனே நிறுத்திவிட்டு எந்த ஆணி என்று பாருங்கள், பழுதான கியர் ஒயிலும் கறுக்கும்.

இறங்கும் ஒயிலை அளவு தெரியும் பாத்திரத்தில் பிடியுங்கள். வெறும் சோடாப் போத்தல்களில் ஊற்றினாலும் கணக்குத் தெரியும். எவ்வளவு இறங்கியதோ அவ்வளவே ஊற்ற வேண்டும். பொதுவாக 3 லீற்றர் அளவு. ஆணிக்குப் புது வோஷர் போட்டுப் பூட்டுங்கள். முறுக்கும்போது பலத்தைக் காட்டாதீர்கள், புரி அலுமினியத்தில் இருக்கிறது. பிறகு நீண்ட புனலால் டிப் ஸ்டிக் குழாய் வழியே மெதுவாக ஊற்றுங்கள்.

துடைக்கப் பழைய சாரத்துண்டு எடுக்காதீர்கள். அதிலிருந்து பிரியும் ஒரு நூல் போதும், வால்வுக்குள் போய் அடைக்க. நூல் பிரியாத கடதாசித் துவாய் நல்லது.

அதே தம்பி: “ஊத்தின பிறகு அளவு பாக்கிறது எப்பிடி? ஒவ்வொரு தரமும் வேற அளவு காட்டுது.”

முழு வேலையிலும் கவனம் வேண்டியது இதில்தான். எஞ்சின் ஓடியபடி, பிரேக்கை மிதித்துக்கொண்டு, கியரை பி-யிலிருந்து எல் வரை ஒவ்வொன்றாக இறக்கி, ஒவ்வொன்றிலும் சில விநாடி நிறுத்தி, திரும்ப பி-க்கு வாருங்கள். எஞ்சினை நிறுத்தாமலே டிப் ஸ்டிக்கை இழுத்துத் துடைத்து, முழுக்க இறக்கி, மீண்டும் இழுத்துப் பாருங்கள்.

புதிதாக ஊற்றிய கையோடு பார்த்தால் குழாயின் சுவரில் வழியும் ஒயில் டிப் ஸ்டிக்கில் பூசிக்கொள்ளும். ஒரு பக்கம் மேலேயும் மற்றப் பக்கம் கீழேயும் காட்டும். இரண்டு பக்கமும் பார்த்து, கீழே உள்ளதையே உண்மை என்று எடுங்கள். ஆறியிருக்கும்போது ‘கூல்’ கோடுகளுக்குள் இருந்தால் ஓடத் தொடங்கப் போதும். 20 நிமிடம் ஓடி, ஒயில் 70 முதல் 80 பாகை செல்சியஸ் வரை சூடான பிறகு ‘ஹொட்’ கோடுகளுக்குள் நிற்பதுதான் கடைசித் தீர்ப்பு.

குறைந்தால் கியர் தாமதித்து விழும், வழுக்கும். கூடினாலும் கேடுதான்: சுழலும் பாகங்கள் ஒயிலை அடித்து நுரையாக்கும், நுரையால் அழுத்தம் கொடுக்க முடியாது. அதனால் கடைசி அரை லீற்றரைக் கொஞ்சம் கொஞ்சமாகவே ஊற்றுங்கள்.

நீர்கொழும்பிலிருந்து: “பழைய ஹொண்டா சிவிக் ஒட்டோவுக்கும் எஞ்சின் ஓட்டத்திலேயா பார்ப்பது?”

இல்லை. ஹொண்டாவில் சூடேறிய பிறகு எஞ்சினை நிறுத்தி, ஒன்று ஒன்றரை நிமிடத்துக்குள் பார்க்கவேண்டும். ஒயில் டி.டபிள்யூ. 1, முன்பு இசட் 1 என்று வந்ததன் இடத்துக்கு வந்தது.

மட்டக்களப்பிலிருந்து: “1,60,000 ஓடிட்டுது, ஒருக்காலும் மாத்தேல்ல. மாத்தினா கியர் வழுக்கும் எண்டு பயப்படுத்துறாங்கள்.”

பயத்துக்குக் காரணம் இருக்கிறது, ஆனால் பழி தவறான இடத்தில் விழுகிறது. கியர் வழுக்கத் தொடங்கிய பிறகுதான் பலர் ஒயிலை மாற்ற ஓடுகிறார்கள். கிளச் தட்டு தேய்ந்த பிறகு எந்த ஒயிலும் காப்பாற்றாது. அடுத்த மாதம் கியர்பொக்ஸ் போனால் குற்றம் புது ஒயிலுக்கு.

டிப் ஸ்டிக்கை முகர்ந்து பாருங்கள். கருகின மணமும் கறுப்பு நிறமும் இருந்து, கியரும் வழுக்கினால் ஒயிலுக்குக் காசு செலவழிக்காமல் கியர்பொக்ஸ் வேலை தெரிந்தவரிடம் காட்டுங்கள். மண்ணிறம் மட்டும், கியர் ஒழுங்காக விழுகிறது என்றால் தயங்காமல் மாற்றுங்கள். மெசினால் அழுத்திக் கழுவும் வேலை மட்டும் இந்த வயதுக் கியர்பொக்ஸுக்கு வேண்டாம். அடியில் படிந்த அழுக்கை எதற்குக் கிளப்புவது?

உள்ளே மொத்தம் சுமார் ஆறரை லீற்றர். எஞ்சினின் சுழற்சியைக் கியர்பொக்ஸுக்குக் கடத்தும் டோர்க் கன்வேட்டரில் நிற்பது இறங்காது. ஒருமுறை இறக்கி ஊற்றினால் பாதிக்குச் சற்றுக் குறைவாகவே புது ஒயில். சில நூறு கிலோமீற்றர் ஓடிவிட்டு இரண்டாம் முறை செய்தால் ஏறத்தாழ 70 வீதம், மூன்றாம் முறையோடு 85 வீதம் அளவுக்கு வரும். உங்கள் காருக்கு இந்த மெதுவான வழிதான் பொருத்தம்.

கியர்பொக்ஸின் அடித்தட்டைக் கழற்றினால் உள்ளே காந்தங்கள் இருக்கும். அவற்றில் ஒட்டியிருப்பதை விரலில் எடுத்து உரசிப் பாருங்கள். கண்மை போல நைஸான சாம்பல் பசை வழமையானது. நகத்தில் தட்டுப்படும் துகளோ பித்தளை நிறச் செதிலோ இருந்தால் உள்ளே ஏதோ உடைகிறது.

கிளிநொச்சியிலிருந்து: “டிப் ஸ்டிக்கில பால் கலந்த மாதிரி இளஞ்சிவப்பு. என்ன அது?”

காரை உடனே நிறுத்துங்கள். றேடியேற்றருக்குள்ளேயே கியர் ஒயிலைக் குளிராக்கும் குழாய் இருக்கிறது. அது உள்ளே கசிந்து தண்ணீர் கியர்பொக்ஸுக்குள் போயிருக்கிறது. கிளச் தட்டின் ஒட்டுகள் தண்ணீரில் கழன்றுவிடும். கராஜுக்கு இழுத்துக்கொண்டுதான் போகவேண்டும். றேடியேற்றரை மாற்றாமல் ஒயிலை மட்டும் மாற்றுவதில் பயனில்லை.

கொழும்பிலிருந்து: “அலியன் 260க்கும் இதே டி-4தானே?”

1.5 லீற்றர் 260 என்றால் அது சி.வி.ரி. இரும்புப் பட்டியும் கப்பிகளும் உள்ள வேறு வகை. சி.வி.ரி. ஒயில்தான் ஊற்றவேண்டும். டி-4 ஊற்றினால் பட்டி வழுக்கிக் கியர்பொக்ஸே போய்விடும்.

சுன்னாகத்திலிருந்து: “இறக்கின ஒயிலை என்ன செய்யிறது? வேலிக்கரையில ஊத்தலாமோ?”

ஐயா, தயவுசெய்து வேண்டாம். எங்கள் மண்ணுக்குக் கீழே சுண்ணாம்புக்கல். மேலே ஊற்றுவது வெடிப்புகளால் இறங்கிக் கிணற்றுக்கே போகும். கிணறுகளில் எண்ணெய் கலந்து உங்கள் ஊர்ச் சனம் குடிதண்ணீருக்குப் பட்ட பாட்டை நீங்களே கண்டவர். புது ஒயில் வந்த கானிலேயே ஊற்றி மூடியை இறுக்கி, பழைய ஒயில் எடுக்கும் சேர்விஸ் ஸ்டேசனில் கொடுங்கள். அதற்குள் பிரேக் ஒயிலோ கூலன்டோ கலக்காதீர்கள், கலந்திருந்தால் எடுக்கமாட்டார்கள்.