லண்டன் வார்டில் கரீபியன் நோயாளிகள்: புதிதாக வந்திருக்கும் சிஸ்டருக்கு

சிஸ்டர், லண்டனில் ரத்தநோய் வார்டில் சேர்ந்திருக்கிறீர்கள். கரீபியன் குடும்பத்து நோயாளிகள் நம்மை நம்பாமல், ஏதோ சங்கத்து ஆளைக் கூட்டிவந்து பேச வைக்கிறார்கள், ஏன் என்று கேட்டிருந்தீர்கள். அந்தச் சங்கத்து ஆளை எதிராளியாக நினைக்காதீர்கள். நமக்குப் பெரிய துணை அவர்.

அவர்களில் பலருக்கு இருப்பது சிக்கிள் செல், அதாவது ரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள் போல வளைந்துபோகும் பரம்பரை நோய். அது நம் ஊருக்கும் புதிதில்லை. இந்தியாவில் அது முதன்முதலில் 1952-இல் நீலகிரிப் பழங்குடி மக்களிடம்தான் கண்டறியப்பட்டது. அணுக்கள் வளைந்து ரத்தக்குழாயை அடைத்தால் வருகிற வலி சாதாரண வலி இல்லை. ஆனால் வெளியே ஒரு காயமும் தெரியாது. அதனாலேயே, போதைக்காக மார்ஃபின் கேட்கிறார்கள் என்று சந்தேகப்பட்டு, மருத்துவமனைகளில் நோயாளிகளைத் துடிக்கத் துடிக்க உட்கார வைத்திருக்கிறார்கள். அது இன்னும் முழுதாக ஓயவில்லை. வந்த அரை மணி நேரத்துக்குள் வலி மருந்து தர வேண்டும் என்பது இங்கே வழிகாட்டு நெறி. அது தவறினால் கேட்பதற்குத்தான் கூட ஒரு ஆள் வருகிறார்.

1948-இல் கரீபியனிலிருந்து குடியேறியவர்களை ஏற்றிக்கொண்டு விண்ட்ரஷ் கப்பல் வந்தது, அதே ஆண்டு பிரிட்டனின் அரசு மருத்துவச் சேவையான என்.எச்.எஸ். தொடங்கியது. கரீபியன் பெண்கள் எத்தனையோ பேர் அதில் நர்ஸாக உழைத்தார்கள். அப்படி இருந்தும் அவர்கள் பிள்ளைகளின் நோய் பற்றி மருத்துவமனைகளுக்குச் சரியாகத் தெரியவில்லை. 1979-இல் இந்த நோயாளிகளுக்கான சிக்கிள் செல் சொசைட்டி என்ற சங்கம் பிறந்தது. அதே ஆண்டு லண்டனின் பிரென்ட் பகுதியில் இந்த நோய்க்கான முதல் ஆலோசனை மையம் வர எலிசபெத் அனியோன்வூ என்ற நர்ஸ் காரணமாக இருந்தார். இன்று பிறந்த குழந்தைகளின் குதிகாலில் ரத்தம் எடுத்து இதைச் சோதிக்கிறோமே, அதற்குப் பின்னால் இந்தக் குடும்பங்களின் வருடக்கணக்கான போராட்டம் இருக்கிறது.

எங்கள் பகுதி சர்ச் ஹாலில் பெரியவர்களுக்கு மதியச் சாப்பாட்டுக் கூட்டம் நடக்கும். ஒரு மேசையில் டோமினோ கட்டையை ஓங்கி அடித்து விளையாடுவார்கள், அடுத்த மேசையில் பிரஷர் பார்ப்பார்கள். உப்பு மீனை விடு என்று அங்கே யாரும் சொல்வதில்லை. இரவே ஊறவைத்துத் தண்ணீரை மாற்று என்பார்கள், அதை எல்லோரும் கேட்பார்கள். இந்த நாட்டில் கறுப்பின ஆண்களில் 4 பேரில் ஒருவருக்கு வாழ்நாளில் புராஸ்டேட் புற்றுநோய் வருகிறது. டாக்டரிடம் வாய் திறக்காத ஆண்கள் அந்த டோமினோ மேசையில் அதைப் பற்றிப் பேசுவதைக் கேட்டிருக்கிறேன்.

உங்கள் வார்டில் சிக்கிள் செல் சிறப்பு நர்ஸ் இருந்தால், எந்தச் சங்கம் எந்த நாளில் கூடுகிறது என்று கேளுங்கள். யூனிஃபார்ம் இல்லாமல் போங்கள். தேங்காய்ப்பாலில் பயறு போட்ட சோறு கொடுப்பார்கள், வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். முதல் நாள் சாப்பிட்டுவிட்டுப் பேசிக்கொண்டிருந்தாலே போதும், நோய் பற்றிய பேச்சு அப்புறம் தானாக வரும்.