கேள்வி பதில்: நெருக்கிக் கட்டினாலும் ஊர் ஊராக இருக்குமா?

ராமநாதபுரம் கடற்கரை ஊர்களில் மாடிகள் ஏறிக்கொண்டே போகின்றன. வீடும் லாட்ஜும் கட்டப்போகிறவர்கள் கேட்ட கேள்விகளுக்கு, கட்டட வடிவமைப்பாளனாக என் பதில்கள் இவை.

காக்கா (எங்கள் ஊரில் அண்ணனை இப்படித்தான் கூப்பிடுவோம்), கீழக்கரையில் எங்கள் பாட்டன் வீட்டுக்கு நாலு பங்குதாரர்கள். இடித்து அடுக்குமாடி கட்டினால் தெருவின் அழகே போய்விடாதா?

கீழக்கரை என்றைக்குமே நெருக்கமான ஊர்தானே! சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள், எதிரே ஆள் வந்தால் ஒதுங்கி நிற்க வேண்டிய சந்துகள். ஆகவே நெருக்கத்துக்குப் பயப்பட வேண்டாம். வாசலைத்தான் காப்பாற்ற வேண்டும். திண்ணை இருந்த இடத்தில் வண்டி நிறுத்த இரும்பு ஷட்டர் வந்துவிட்டால், தெருவைப் பார்க்க ஒரு கண்கூட மிஞ்சாது.

கணக்கைப் பாருங்கள். மனையில் 70 சதவீதத்தில் மூன்று தளம் கட்டினாலே மனைப்பரப்பைப் போல 2.1 மடங்கு வந்துவிடும். 2019 கட்டட விதிகள் சாதாரணக் கட்டடத்துக்குத் தரும் தளப்பரப்புக் குறியீடே, அதாவது மனையைப் போல எத்தனை மடங்கு கட்டலாம் என்ற வரம்பே, 2தான்; மூன்று தளத்திலேயே அதைத் தாண்டிவிடுவதால் கொஞ்சம் குறைத்துத்தான் கட்ட வேண்டியிருக்கும். நாலு குடும்பத்துக்குக் கோபுரம் மாதிரி உயர்த்தத் தேவையில்லை. மிச்சமுள்ள 30 சதவீதத்தைச் சுற்றிலும் துண்டு துண்டாக விடாமல் நடுவில் முற்றமாகச் சேர்த்துவிடுங்கள். அதற்குப் பக்கச்சுவரை ஒட்டிக் கட்ட அனுமதி வேண்டும். உங்கள் தெரு தொடர் கட்டடப் பகுதியில் (வீடுகளை ஒட்டி ஒட்டிக் கட்ட அனுமதிக்கும் பகுதியில்) வருகிறதா என்று நகராட்சியில் முதலில் கேளுங்கள்.

முற்றம் வீண் இடம் என்கிறாரே எங்கள் இன்ஜினியர்?

ஒட்டிய வீட்டில் பக்கத்து ஜன்னல் கிடையாது. முற்றத்தையும் மூடினால் நடு அறைகளில் பகலிலும் லைட் எரியும். சூடான காற்று மேலே ஏறி வெளியேற, தெருவிலிருந்து காற்று உள்ளே வர, அந்தத் திறப்புதான் வழி. மழைநீரைத் தொட்டிக்கு இறக்குவதும் அங்கேதான் சுலபம். உப்புத்தண்ணீர் ஊரில் அதை வீண் இடம் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

அண்ணே, ராமேஸ்வரத்தில் லாட்ஜ் கட்டுகிறேன். முகப்பில் சுதையில் ஒரு சின்ன கோபுரம் வைக்கலாமா?

வேண்டாம். ராமநாதசுவாமி கோயிலின் பெருமையே நடையில், அதாவது தூண் வரிசைக்கு நடுவே நடந்துபோகும் பாதையில், இருக்கிறது: 1212 தூண்கள் உள்ள மூன்றாம் பிரகாரத்தில் ஒரு சுற்று நிழலிலேயே நடந்து வரலாம். வெளியே வந்தால் அக்னி தீர்த்தத்தில் குளித்த சனம் ஈரத்துணியோடு வெயிலில் நடக்கிறது. தரைத்தளத்தில் எட்டடியை உள்ளே தள்ளி, தூண் வைத்த நடையாகத் தெருவுக்குக் கொடுங்கள். கீழே வழுக்காத சொரசொரப்பான கல் போடுங்கள்; பளபள டைல்ஸில் ஈரக்கால் நிற்காது. பக்கத்து லாட்ஜ்காரரும் அதே மட்டத்தில் நடை விட்டால் தெருவே ஒரு பிரகாரம் ஆகிவிடும்.

சார், நான் கட்டடக்கலை மாணவி. அடையாளம் என்றால் பழசை அப்படியே திரும்பக் கட்டுவதா?

இல்லைம்மா. கீழக்கரை பழைய ஜும்மா பள்ளிவாசலுக்குப் போய்த் தூண்களைப் பார். கல்லில் செதுக்கிய சதுரம், பட்டை, தூணின் தலையில் உத்தரத்தைத் தாங்கும் போதிகை, எல்லாம் இந்த மண்ணின் கோயில் தச்சு மரபு. தொழுகைக்கு வேண்டிய இடத்தை உள்ளூர்க் கைகள் தமக்குத் தெரிந்த முறையில் கட்டிக் கொடுத்தன. அப்போது அதுவும் புதுக் கட்டடம்தான்.

பழைய வீட்டுச் சுவர் பவளக்கல். ஒட்டுப்போட அதே கல் கிடைக்குமா?

தேடவே கூடாது. 2001 முதல் பவளப்பாறைகள் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் வருகின்றன. இடிபட்ட உங்கள் வீட்டுக் கல்லையே பத்திரப்படுத்தித் திரும்ப வையுங்கள். மேலே சிமெண்ட் பூசாதீர்கள், ஈரம் உள்ளே மாட்டிக்கொண்டு உப்புப் பூத்துச் சுவர் உதிரும். சுண்ணாம்புக் காரைதான் சரி.

புதுக் கான்கிரீட்டே பத்து வருஷத்தில் கம்பி தெரிகிறதே?

உப்பு உள்ளே போய்க் கம்பி துருப்பிடித்து வீங்குகிறது, அதனால்தான் வெடிப்பு. கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 456 படி கடலோரத்தில் குறைந்தது எம்30 கலவை (எம் எண் கூடக் கூடக் கான்கிரீட் வலு கூடும்), கம்பிக்கு வெளியே 45 மில்லிமீட்டர் கவர், அதாவது கம்பியை மூடும் கான்கிரீட். உப்புச்சாரல் நேராக அடிக்கிற இடத்தில் எம்35, 50 மில்லிமீட்டர். கம்பி கட்டும்போது டேப் வைத்து அளந்து பாருங்கள்.

பாம்பன் பக்கம் மீனவர் குடியிருப்பு எங்களது. அடுக்குமாடி கட்டித் தந்தால் வாங்கிக்கொள்ளலாமா?

தரைத்தளத்தைத் திறந்த தளமாகக் கேட்டு வாங்குங்கள். 1964 புயலில் தனுஷ்கோடிக்கு நேர்ந்ததைப் பார்த்த கரை இது. அலை ஏறினால் கீழே யாரும் தூங்கிக்கொண்டிருக்கக் கூடாது. மற்ற நாளில் அங்கேதான் வலை பொத்தவும் இன்ஜின் வைக்கவும் முடியும். நாலாவது மாடிக்கு யார் இன்ஜினைத் தூக்குவது? இரண்டு மூன்று மாடியோடு நிறுத்தி, கரை தெரியும்படி கொத்துக் கொத்தாகக் கேளுங்கள். வரைபடம் முடிவாகும் முன் நடக்கும் கூட்டத்துக்குப் பெண்களும் கட்டாயம் போக வேண்டும். கருவாடு காயவைக்க எவ்வளவு இடம் வேண்டும் என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.