வாக்களிக்காமல் இருந்தால் மட்டும் போதுமா?

கேள்வி: சுற்றுச்சூழல் திட்டங்களுக்கு நிதி பரிந்துரைக்கும் குழுவின் உறுப்பினர், தமக்குத் தொடர்புள்ள அமைப்பின் விண்ணப்பம் வரும்போது வாக்களிக்காமல் இருந்தால் போதாதா?

போதாது. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தை எடுத்துக்கொள்வோம். 2008-இல் வாக்காளர்கள் ஏற்ற அரசியலமைப்புத் திருத்தத்தால் அங்கே விற்பனை வரி 0.375 சதவீதப் புள்ளி கூடியது. அதில் 33 சதவீதம் ஈரநிலம், புல்வெளி, காடு, வனவிலங்கு வாழிடங்களுக்கு. இந்தப் பங்கை எந்தத் திட்டங்களுக்குத் தரலாம் என்று 12 பேர் கொண்ட குழு சட்டமன்றத்துக்குப் பரிந்துரைக்கிறது. அவர்களில் 4 பேர் சட்டமன்ற உறுப்பினர்கள், 8 பேர் பொதுமக்கள்.

ஓர் அமைப்பில் தமக்கு நேரடியாகவோ மறைமுகமாகவோ பண நலன் இருந்தால், அது குறித்த முடிவில் உறுப்பினர் வாக்களிக்கவும் கூடாது, பங்கேற்கவும் கூடாது என்கிறது சட்டம். இந்த இரண்டாவது தடைதான் உயிர்நாடி. அரை மணி நேரம் ஒரு திட்டத்துக்காக வாதாடிவிட்டு, வாக்கெடுப்பின்போது மட்டும் கையைக் கட்டிக்கொண்டால் என்ன பயன்? சக உறுப்பினர்களின் மனம் அதற்குள் மாறியிருக்கும்.

சிக்கல், ஊதியமின்றி ஓர் அமைப்பின் நிர்வாகக் குழுவில் இருப்பவரிடம்தான். பண நலன் இல்லை; பற்று உண்டு. அவரும் அதை முன்கூட்டியே அறிவித்துவிட்டு, அந்த விவாதத்திலிருந்து விலகுவதே முறை என்பேன். செலவாவது மக்களின் வரிப்பணம்.