பில் அண்ணன் பெயரில், மானிட்டர் தம்பி வீட்டில்

கேள்வி: பாம்பனில் வீட்டிலிருந்தபடியே கல்யாண ஆல்பம் டிசைன் செய்து ஸ்டூடியோக்களுக்குக் கொடுக்கிறேன். ராத்திரியில் கொஞ்ச நேரம் கேம் விளையாடுவேன். இரண்டுக்கும் ஆகும் என்று ராமநாதபுரத்தில் ஒரு கடைக்காரர் சொன்னதை நம்பி, ஒன்பது மாதம் முன்பு 27 இன்ச் வளைந்த மானிட்டரை 23,600 ரூபாய்க்கு வாங்கினேன். வரி மிச்சமாகும் என்று அண்ணனுடைய போட் ஸ்பேர்ஸ் கடையின் ஜிஎஸ்டி நம்பரில் பில் போட்டோம். முதல் நாளிலிருந்தே எழுத்து மங்கல். கேமில் இருட்டுக் காட்சி வந்தால் நிழல் இழுக்கிறது. ஏழாம் மாதம் திரையில் மேலிருந்து கீழாக ஒரு கோடு விழுந்தது. மதுரையிலிருந்து வந்த சர்வீஸ் ஆள், 'துரு, வாரண்டி கிடையாது' என்று எழுதிக் கையெழுத்தும் வாங்கிப் போய்விட்டார். மனைவியின் சீட்டுப் பணம் போனது, ஒரு ஸ்டூடியோ ஆர்டரும் போனது. கடைக்காரரோ ஊர் பார்க்க அவமானப்படுத்தினார். மூன்று லட்சம் நஷ்டஈடு கேட்டு நோட்டீஸ் எழுதி வைத்திருக்கிறேன். கேம் விளையாடியதை மறைத்துவிடலாமா? கடைக்காரர் 16,000 ரூபாய்க்குத் திருப்பி எடுத்துக்கொண்டு வேறு மாடல் தருகிறேன் என்கிறார். எனக்கு ஒத்துக்கொள்ள மனமில்லை.

பதில்: அந்த நோட்டீஸை அனுப்பாதீர்கள். முதலில் இதைப் படியுங்கள்.

கடைக்காரர் பேசிய பேச்சும் சீட்டுப் பணமும் உங்களுக்குப் பெரிய விஷயம்தான். நுகர்வோர் ஆணையத்தில் அவற்றுக்கு எடை இல்லை. எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்ததும் ஒரே கேள்விதான் கேட்பார்: இந்த மானிட்டரை வாங்கியது யார், எதற்காக?

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பிரிவு 2(7)-இன்படி, வணிக நோக்கத்துக்காகப் பொருள் வாங்கியவர் நுகர்வோர் அல்ல. சுயதொழிலில் பிழைப்புக்காக மட்டுமே வாங்கித் தானே பயன்படுத்துகிறவருக்கு மட்டும் அதில் விலக்கு உண்டு. லக்ஷ்மி இன்ஜினியரிங் வழக்கில் 1995-இல் உச்ச நீதிமன்றம் இதற்கு டைப்ரைட்டரையே உதாரணமாகச் சொன்னது. பிறருக்குக் கூலிக்கு டைப் அடிக்க வாங்கினால் அது வணிக நோக்கம். ஆனால் வாங்கியவரே உட்கார்ந்து அடித்துப் பிழைக்கிறார் என்றால் அவர் நுகர்வோர்தான். உதவிக்கு ஓரிருவர் இருந்தாலும் பாதகமில்லை என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. டைப்ரைட்டர் இருந்த இடத்தில் மானிட்டரை வைத்துப் பாருங்கள், அது உங்கள் நிலைமைதான்.

ஆக, பில் உங்கள் பெயரில் இருந்திருந்தால் தைரியமாகப் போடுங்கள் என்று சொல்லியிருப்பேன். கேம் விளையாடியதை மறைக்க வேண்டிய அவசியமே இல்லை. அது சொந்த உபயோகம், உங்களுக்குச் சாதகம். அதை மறைத்து, குறுக்கு விசாரணையில் வெளியே வந்தால் நீங்கள் சொன்ன மற்றதையும் நம்ப மாட்டார்கள்.

ஆனால் பில்லில் இருப்பது அண்ணன் கடை. காகிதப்படி ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடை தன் வியாபாரத்துக்காக மானிட்டர் வாங்கியிருக்கிறது. வாங்கியவரின் சம்மதத்தோடு பயன்படுத்துகிறவரும் நுகர்வோர்தான் என்று நாம் வாதாடலாம். வாங்கியதே வணிக நோக்கத்துக்கு என்று அவர்கள் பதில் சொல்வார்கள். பணம் உங்கள் கணக்கிலிருந்து போயிருந்தால் அந்த வங்கி ஸ்டேட்மென்ட் ஒன்றுதான் உங்களுக்குப் பிடிமானம். ரொக்கமாகக் கொடுத்திருந்தால் அதுவும் கிடையாது.

இதைவிட எனக்கு அதிகக் கவலை தருவது உங்கள் நோட்டீஸ். கட்சிக்காரர்கள் மறுபடி மறுபடி விழும் குழி இது. தொகை பெரிதாகத் தெரிய வேண்டும் என்று 'என் தொழிலுக்கு இத்தனை லட்சம் நஷ்டம், கஸ்டமர் போய்விட்டார்' என்று எழுதுகிறார்கள். எதிர்த்தரப்பு அந்த வரியை அப்படியே எடுத்து, 'இவரே வணிக நோக்கம் என்று ஒப்புக்கொள்கிறார், இவர் நுகர்வோர் அல்ல' என்று பதிலுரை போடுகிறது. 23,600 ரூபாய் வழக்கு அந்த மூன்று லட்சத்தால் செத்துப் போகிறது. கேட்பதாக இருந்தால் பொருளின் விலையையும், அலைச்சலுக்கும் மன உளைச்சலுக்கும் ஒரு நியாயமான தொகையையும் கேளுங்கள். ஸ்டூடியோ ஆர்டரைப் பற்றி ஒரு வார்த்தை எழுதாதீர்கள்.

இரண்டாவது குழி வரி. 23,600-இல் 3,600 ரூபாய் ஜிஎஸ்டி. அண்ணன் அதை உள்ளீட்டு வரிக் கழிவாக எடுத்திருப்பார், அதாவது வாங்கும்போது கொடுத்த வரியைத் தான் கட்ட வேண்டிய வரியில் கழித்திருப்பார். அவருடைய வியாபாரத்தில் பயன்படாத பொருளுக்கு அந்தக் கழிவு கிடையாது. நீங்கள் மனுவோடு பிரமாண வாக்குமூலத்தில் 'இது என் வீட்டில், என் உபயோகத்துக்கு இருக்கிறது' என்று சத்தியம் செய்கிறீர்கள். அண்ணனுடைய ஜிஎஸ்டி ரிட்டர்ன் 'இது என் கடைக்கு வாங்கியது' என்கிறது. எதிர்த்தரப்பு இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினால், உங்கள் வழக்கு போவதோடு அண்ணனுக்கும் தலைவலி. எடுத்துப் பயன்படுத்திய தவறான கழிவுக்கு 18 சதவீத வட்டி உண்டு. நீங்கள் வழக்குப் போட்டாலும் போடாவிட்டாலும் அண்ணனை ஆடிட்டரிடம் அனுப்பி அந்தக் கழிவை வட்டியோடு திருப்பச் சொல்லுங்கள். இதில் தாமதம் வேண்டாம்.

இனி குறைபாடு. உங்கள் புகாரில் பாதி, சட்டப்படி குறைபாடே இல்லை. 27 இன்ச் திரையில் 1920×1080 புள்ளிகள் என்றால் ஒரு அங்குலத்துக்கு சுமார் 82 புள்ளிகள்தான். எழுத்து கரகரவென்றுதான் தெரியும். ஆல்பம் வேலைக்கு அது போதாது. ஆனால் அட்டைப்பெட்டியிலேயே அந்த எண் அச்சாகியிருக்கிறது. இருட்டில் நிழல் இழுப்பது விஏ என்ற வகைத் திரைப் பேனலின் சுபாவம், வளைந்த மானிட்டர்களில் பெரும்பாலும் அந்தப் பேனல்தான். 'இரண்டுக்கும் ஆகும்' என்று கடைக்காரர் வாட்ஸ்அப்பில் எழுதியிருந்தால், சரக்கு விற்பனைச் சட்டம் 1930, பிரிவு 16-ஐக் காட்டி, தேவையைச் சொல்லித்தான் வாங்கினோம் என்று வாதாடலாம். வாயால் சொன்னது மட்டும் என்றால் அவர் இல்லை என்று சொல்லிவிடுவார். நீங்களே கம்பெனிப் பெயரும் மாடலும் சொல்லிக் கேட்டிருந்தால் அந்தப் பிரிவின் விதிவிலக்கே உங்களுக்கு எதிராக நிற்கும்.

மிஞ்சுவது அந்தக் கோடு. அது நிஜமான குறைபாடு. ஆனால் நீங்கள் கையெழுத்துப் போட்ட ஜாப் ஷீட்டில் 'துரு' என்று இருக்கிறது. கச்சான் வீசினால் ஜன்னல் கம்பியில் உப்பு படிகிற ஊர் பாம்பன். கேபிள் செருகும் எச்டிஎம்ஐ துளையில் பச்சைக் களிம்பு ஏறியதை சர்வீஸ் ஆள் போட்டோ எடுத்திருப்பார். ராமநாதபுரத்தில் கடை போட்டுக் கடலோரத்துக்கு விற்கிறவர் உப்புக் காற்றைக் காரணம் காட்டக் கூடாது என்பது நல்ல வாதம்தான். வாதம் மட்டும் போதாது. துருவுக்கும் கோட்டுக்கும் சம்பந்தம் இல்லை என்று நிபுணர் சொல்ல வேண்டும். பிரிவு 38-இன்படி ஆணையம் பொருளைப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பலாம், அதற்கான கட்டணத்தைப் புகார்தாரர்தான் முன்னால் கட்ட வேண்டும். மொபைலில் எடுத்த வீடியோவை நம்பி இருக்காதீர்கள். திரையை மொபைலில் எடுத்தால் இல்லாத கோடும் வரும் என்று எதிர்த்தரப்பு சொல்லும். இன்றைக்கே கம்பெனிக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள்: 'ஆள் வந்து போனதற்குத்தான் கையெழுத்திட்டேன், துரு என்ற குறிப்பை ஏற்கவில்லை.' சமரசம் முறிந்தால் அந்த ஒரு வரி உதவும்.

பொருளுக்குக் கொடுத்த விலை ஐந்து லட்சம் வரை என்றால் வழக்குக் கட்டணம் இல்லை, ஊரிலிருந்தே போடலாம், இரண்டு வருட காலவரம்பும் இருக்கிறது என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். அதனாலேயே 'போட்டுத்தான் பார்ப்போமே' என்று தோன்றும். பரிசோதனை தேவைப்படும் வழக்கை ஐந்து மாதத்தில் முடிக்க வேண்டும் என்பது சட்டத்தில் இருக்கிறது. அந்தக் கணக்கை நம்பி இறங்காதீர்கள். ஜெயித்தாலும் அவர்கள் மாநில ஆணையத்துக்கு மேல்முறையீடு போகலாம். அதுவரை எந்தத் திரையில் ஆல்பம் டிசைன் செய்வீர்கள்?

கடைக்காரர் சொல்வதற்கு ஒத்துக்கொள்ளுங்கள். 16,000 என்கிறவரிடம் 18,000 கேளுங்கள், நடுவில் எங்காவது நிற்கும். இழப்பது சில ஆயிரம். இந்த பில்லை வைத்துக்கொண்டு வழக்குக்குப் போனால் முழுவதையும் இழக்க வாய்ப்பு அதிகம். அவர் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்காதீர்கள், சமரசம் அந்த இடத்தில்தான் உடையும்.

புதிதாக எடுப்பது 27 இன்ச்சில் 2560×1440, ஐபிஎஸ் என்ற வகைப் பேனலாக இருக்கட்டும். ஆல்பத்தின் நிறத்துக்கு அதுதான் ஏற்றது, பொழுதுபோக்காக விளையாட 100 ஹெர்ட்ஸ் (வினாடிக்கு நூறு முறை படம் மாறும் வேகம்) தாராளம். டிஸ்ப்ளேபோர்ட் கேபிள் பெட்டியில் இருக்கிறதா என்று பாருங்கள், பழைய எச்டிஎம்ஐ கேபிளில் முழு வேகம் வராமல் போகலாம். கடையிலேயே ஓடவிட்டு, முழு வெள்ளையிலும் முழுக் கறுப்பிலும் திரையைப் பார்த்து வாங்குங்கள். ஒரு புள்ளி செத்திருந்தால் பல கம்பெனிகள் மாற்றித் தருவதில்லை. வீட்டில் கடல் பக்க ஜன்னலை விட்டுத் தள்ளி வையுங்கள்.

பில் உங்கள் பெயரில், உங்கள் வீட்டு முகவரியில், ஜிஎஸ்டி நம்பர் இல்லாமல். பணம் உங்கள் கணக்கிலிருந்து. பழைய மானிட்டருக்கு அண்ணன் கடைப் பெயரில் கிரெடிட் நோட் (பொருளைத் திருப்பி எடுத்ததற்குக் கடைக்காரர் தரும் ஆவணம்) வாங்கி ஆடிட்டரிடம் கொடுங்கள். சமரசக் கடிதத்தில் 'இனி எந்தக் கோரிக்கையும் இல்லை' என்று கேட்பார்கள். பழைய மானிட்டரின் சீரியல் நம்பரை எழுதி, அதற்கு மட்டும் அப்படிக் கையெழுத்துப் போடுங்கள். புதியதன் வாரண்டி புது பில் தேதியிலிருந்து தொடங்குகிறது என்பதும் அதே கடிதத்தில் எழுத்தில் இருக்க வேண்டும்.